எந்தச் சிமென்டால் என்று முதலில் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் சிமென்டால் மாட்டைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். பாலுக்கும் இறைச்சிக்கும் உதவும், கிழக்கு மாகாணப் பண்ணையாளருக்குப் பெரும் வாய்ப்பு என்று எழுதியிருந்தீர்கள். படமும் அழகாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வரும் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. "தம்பி, அந்த வெள்ளை மூஞ்சி மாட்டு ஊசி எப்ப வரும்?" என்று மண்டூரிலிருந்து ஒருவர், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னொருவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் காளை உறைவிந்து வைத்த நைதரசன் கலனைக் கட்டிக்கொண்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுதான் என் தொழில். ஆகவே இதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன்.

கட்டுரையில் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிமென்டால் என்று ஒரே ஒரு மாடு இருப்பது போல எழுதியிருந்தது. அப்படி ஒரு மாடு இல்லை. அந்தப் பெயரின் கீழும் அதன் உறவுப் பெயர்களின் கீழும் பல நாடுகளில் பல மாதிரி மாடுகள் நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் சில சமயம் நம் ஊர் மாட்டுக்கும் ஜேர்சி என்ற சீமைக் கறவைக்கும் உள்ள தூரம் அளவு வரும்.

என் தமையனார் பல வருடமாக சுவிஸில், பேர்ண் மாநிலத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது, எல்லோரும் பனிமலை பார்க்கக் கூப்பிட, நான் மாடு பார்க்கப் போகவேண்டும் என்றேன். சிரித்தார்கள். கடைசியில் மருமகன்தான் ஸ்பீட்ஸ் என்ற ஊரிலிருந்து ரயில் ஏற்றி ஸ்வைசிம்மனுக்குக் கூட்டிப்போனான். சிம்மே என்ற ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. இந்த மாட்டின் பிறப்பிடமே அதுதான். ஒரு பண்ணையாளர் தொழுவத்துக்குள் விட்டார். அவரிடம் இருந்தது இருபதுக்கும் குறைவான மாடுகள். நம் பக்கம் நூறு மாடு வைத்திருக்கும் பட்டிக்காரரை அங்கே பெரிய பிரபு என்று நினைப்பார்கள் போல.

பக்கத்தில் நின்றால்தான் அந்த உடம்பு தெரியும். என் நெஞ்சளவுக்கு முதுகு. பொன்னிறத்திலிருந்து கடும் சிவப்பு வரையான தோலில் வெள்ளைத் திட்டுகள், முகமும் கால்களும் வெள்ளை. வயது வந்த பசு எழுநூறு கிலோவைத் தாண்டும் என்றார். நம் ஊர்ப் பசு இருநூறு, இருநூற்றைம்பது கிலோ. அவர் சுவர் அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்தார். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு தாள். தகப்பன், தாய், தாயின் தகப்பன், எத்தனை கன்று, ஒவ்வொரு ஈற்றிலும் எவ்வளவு பால், கன்று இலேசாக விழுந்ததா இழுக்க வேண்டி வந்ததா என்பது உட்பட. பேர்ண் மாநிலத்தில் இந்த மாடுகளுக்கு வம்சப் பதிவு தொடங்கியது 1806இல். நாடு தழுவிய சங்கம் 1890இல் வந்தது. பள்ளத்தாக்கின் செழித்த மாடுகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே வெளியிடங்களுக்கு விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தனவாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். அந்த மாடு முதலில் இரண்டு வேலை மாடு அல்ல, மூன்று வேலை மாடு. பால், இறைச்சி, உழைப்பு. ஐரோப்பாவின் சிறு விவசாயிக்கு எருது வேறு, கறவை வேறு என்று வைத்திருக்க வசதி இல்லை. பசுவையே கலப்பையில் பூட்டினார்கள், வண்டியில் பூட்டினார்கள், மாலையில் கறந்தார்கள், கிழடானதும் இறைச்சிக்கு விற்றார்கள். அதனால்தான் அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஜேர்மனியின் பவேரியாவுக்கு 1837இல் மக்ஸ் ஓபர்மாயர் என்பவர் இந்த மாடுகளைக் கொண்டுவந்தார். அந்த வழியில் ரயில் இல்லாத காலம், மலை வழியே நடத்தித்தான் கூட்டிவந்திருக்கிறார். மீஸ்பாக் என்ற பகுதியில் அவை பெருகி, இன்று பவேரியாவிலும் ஒஸ்திரியாவிலும் பெரும்பாலான மாடுகள் அந்த வழிதான். அங்கே அதன் பெயர் பிளெக்பீ.

பிறகு உழவு இயந்திரம் வந்தது. மூன்றாவது வேலை போயிற்று. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் திரும்பியது. ஜேர்மன்காரனும் ஒஸ்திரியாக்காரனும் பாலையும் இறைச்சியையும் சரிசமமாகப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பிளெக்பீ பசு ஒரு ஈற்றில் 7,000 கிலோவுக்கு மேல் கறக்கும். அதன் ஆண் கன்றைக் கொழுக்க வைத்தால் அதுவும் காசு. ஆண் கன்று வீண் போகாது என்பதுதான் அந்த மாட்டின் பலமே. சுவிஸில் பால் கூட வேண்டும் என்று 1960களின் பிற்பகுதியிலிருந்து சிவப்பு ஹொல்ஸ்டைன் காளையைக் கலந்தார்கள். அப்படிப் பிறந்தது சுவிஸ் பிளெக்பீ. இன்று பிறந்த நாட்டிலேயே கலப்பில்லாத சிமென்டால் குறைவுதான். என்னைத் தொழுவத்துக்குள் விட்டவர் கலப்பில்லாததை வைத்திருப்பவர். கலப்புக்காரர்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் போன போக்கை மருமகன் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

பிரான்சின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில், மத நெருக்கடியால் சுவிஸிலிருந்து வெளியேறிய மெனோனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் தங்கள் மாடுகளோடு மொன்பெலியார் பகுதிக்குப் போயின. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஜோசப் கிராபர் என்பவர் 1872இல் லாங்கர் கண்காட்சியில் தன் மாடுகளை மொன்பெலியார்ட் என்ற பெயரில் நிறுத்தினார். 1889இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. கொம்தே என்ற பாற்கட்டியை மொன்பெலியார்ட், பிரெஞ்சு சிமென்டால் ஆகிய இரண்டின் பாலில் மட்டுமே செய்யலாம் என்று விதி. புளிக்க வைத்த தீவனமும் கொடுக்கக் கூடாது. அந்த விதி மாட்டைக் காப்பாற்றியது, மாடு அந்தப் பாற்கட்டியைக் காப்பாற்றியது. மொன்பெலியார்ட் பாலின் பக்கம் சாய்ந்த மாடு. உடம்பு சற்று இலேசு, மடி நல்லது.

அமெரிக்கக் கண்டம் நேர் எதிர்ப் பக்கம் போனது. 1967இல் பாரிசியன் என்ற காளை பிரான்சிலிருந்து கனடாவுக்குப் போனது. அங்கிருந்து பரவி அமெரிக்காவில் இறைச்சி மாடாகவே மாறிவிட்டது. அங்கஸ் என்ற கறுப்பு இறைச்சி மாட்டின் கலப்பால் இப்போது அவற்றில் பல கறுப்பு நிறம். வெள்ளை முகத்தை எதிர்பார்த்துப் போகும் நம் ஆட்கள் அந்தக் கறுப்பு மாட்டைக் கண்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்றே சொல்வார்கள். அங்கேயே வெப்பமான மாநிலங்களுக்கு என்று பிரமன் மாட்டோடு சேர்த்து சிம்பிரா என்ற இனத்தையும் உண்டாக்கினார்கள். வழமையில் எட்டில் ஐந்து பங்கு சிமென்டால், மூன்று பங்கு பிரமன். பிரமன் என்பதே இந்தியாவின் ஓங்கோல், கிர், காங்ரேஜ் மாடுகள் கடல் கடந்துபோய் உருவானதுதான். நம் பக்கத்துத் திமில் மாடு அங்கே போய்ச் சிமென்டாலுக்கு வெயில் தாங்கச் சொல்லிக்கொடுத்தது. நாம் திமிலை வெட்கமாகப் பார்க்கிறோம்.

ஆபிரிக்காவுக்கு முன்பே போயிற்று. நமீபியாவுக்கு 1893இல், தென்னாபிரிக்காவுக்கு 1905இல். அந்த வெயிலில் வெள்ளை முகத்தின் கண்ணோரத் தோல் புண்ணாகும், புற்று வரும். ஆகவே கண்ணைச் சுற்றி நிறம் உள்ள மாடுகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கண்ணாடி போட்ட மாதிரி சிவப்பு வளையம். மட்டக்களப்பு வெயிலில் நான் எந்த வெள்ளை முகத்தைக் கண்டாலும் முதலில் பார்ப்பது கண்ணோரத்தைத்தான்.

ஹங்கேரியைப் பற்றியும் சொல்லவேண்டும், அது நமக்கு நெருங்கிய விஷயம். நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடு அந்த நாட்டின் சொந்தச் சொத்து. பரந்த புல்வெளியில் பட்டியாக மேயும், நோய் தாங்கும், பால் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் அதைச் சிமென்டாலோடு சேர்த்து ஹங்கேரியப் புள்ளி மாடு என்ற நல்ல இரட்டைப் பயன் இனத்தை உண்டாக்கினார்கள். பால் கூடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 1960களில் திரும்பிப் பார்த்தபோது சாம்பல் காளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம். அரசு தலையிட்டு ஹொர்டோபாகி புல்வெளியில் காப்பாற்றி எடுத்தது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இங்கேயும் மாடு மூன்று வேலை செய்தது. பெரிய வயற்சொந்தக்காரரான போடியார்மாரின் காலத்தில் உழவும், களவெட்டி என்ற நெற்களத்தில் சூடு மிதிப்பும் மாட்டால்தான் நடந்தன. என் அப்பாவின் நாம்பன்களை (காளைகளை) எனக்கு நினைவிருக்கிறது. லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் வந்து கலப்பையை வாங்கிக்கொண்டது. பெரிய வெட்டு மெஷின் வந்து களவெட்டியையும் மூடிவிட்டது. ஐரோப்பாவில் நடந்ததேதான். வித்தியாசம் என்னவென்றால், வேலை போன பிறகு இந்த மாட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று இங்கே யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஜேர்சி ஊசி வந்தால் ஜேர்சி, பிரீசியன் வந்தால் பிரீசியன், சாகிவால் வந்தால் சாகிவால். அவுஸ்திரேலியாவில் சாகிவாலையும் பிரீசியனையும் சேர்த்து வெப்ப நாடுகளுக்கென்று உருவாக்கிய கலப்பினமும் வந்தது. கலனில் இருப்பதுதான் பட்டியில் பிறக்கும். பண்ணையாளரிடம் யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்பதில்லை, நிறத்தை மட்டும் கேட்பார்.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரு வீட்டுக் காலையில் பார்த்தேன். ஊர்க் கலப்பு நாகு, முதல் சினை. யாரோ பெரிய உடம்புக் காளையின் ஊசியைப் போட்டிருக்கிறார்கள். இரவு தொடங்கிய வலி, விடியப் போனபோதும் முன்னங்கால் இரண்டும் வெளியே, தலை உள்ளே சிக்கிக்கொண்டது. குளம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் உள்ளங்கை அகலம். நம் ஊர்க் கன்று பதினைந்து கிலோ வந்தாலே பெரிய கன்று. சிமென்டால் கன்று அதன் சொந்த நாட்டில் நாற்பது கிலோவுக்கு மேல். சவர்க்காரத் தண்ணீர் விட்டு, கயிறு போட்டு, தாய் முக்கும்போது மட்டும் இழுத்து எடுத்தோம். கன்று செத்தே வந்தது. தாய் எழும்பவேயில்லை. வீட்டுக்காரம்மா, "பால் கூடும் எண்டுதானே தம்பி சொன்னவங்க" என்றார். என்ன பதில் சொல்ல?

ஆகவே என் அபிப்பிராயம் இது. சிமென்டால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் களுவாஞ்சிக்குடி, செட்டிபாளையம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று மாட்டைக் கொட்டிலில் கட்டி, கோ-3 தீவனப் புல் நட்டு, புண்ணாக்கு வாங்கிப் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள ஜேர்சி, சாகிவால் கலப்புப் பசுக்களில், இரண்டு கன்று போட்டு இடுப்பு விரிந்ததற்கு, கன்று இலேசாக விழும் என்று பதிவு உள்ள பிளெக்பீ அல்லது மொன்பெலியார்ட் காளையின் ஊசியைப் போடலாம். அதுவும் கன்றில் அந்த இரத்தத்தை அரைப் பங்கோடு நிறுத்தவேண்டும். பிறக்கும் நாம்பன் கன்றுக்கும் விலை இருக்கும். நாம்பன் கன்று கடைசியில் எங்கே போகிறது என்பது பட்டிக்காரர் எல்லோருக்கும் தெரியும். சபையில் மட்டும் தெரியாத மாதிரி இருப்போம். நாகுகளுக்கு இந்த ஊசி கூடவே கூடாது.

படுவான்கரைப் பட்டிகளுக்கு இது சரிவராது. பெரும்போகம் விதைத்ததும் வயல் ஓரமெல்லாம் மூடிவிடும். மாட்டை மேற்கே கெவுளியாமடு, மயிலத்தமடு, மாதவணை ஆகிய மேய்ச்சல் தரைகளுக்கு நடத்திக்கொண்டு போகவேண்டும். எழுநூறு கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு அறுபது எழுபது கிலோ பச்சைப் புல் வேண்டும். அந்தப் புல் இப்போது எங்கே? மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அம்பாறைப் பக்கம் வட்டமடு மேய்ச்சல் தரையின் கதையும் பழைய கதை. தரையே இல்லாமல் பெரிய மாட்டைப் பற்றிப் பேசுவது எனக்கு விளங்கவில்லை. இன்னொரு பக்கம், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன அல்லவா, சுவிஸ் மாடு என்றால் தாங்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். அண்ணே, சுவிஸ் மாடு குளிர்காலத்தில் தொழுவத்துக்குள் வைக்கோல் மேல் படுத்திருக்கும், வெட்டவெளியில் மழையில் நிற்காது என்றேன்.

பட்டிகளுக்கு சாகிவால் போதும். அதோடு ஒன்று. வாகரைக்கு மேற்கே, பொலன்னறுவை எல்லையோரப் பட்டிகளில் வெள்ளையும் சாம்பலுமாக, ஊர் மாட்டைவிட உயர்ந்த உடம்போடு, திமிலோடு மாடுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தமன்கடுவை வெள்ளை மாடு என்று நூல்களில் எழுதுவது இந்த வழியைத்தான். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழி என்று கருதப்படுகிறது. உழவுக்கும் நின்றது, பாலும் தந்தது. நம்மிடம் உள்ள இரட்டைப் பயன் மாடு அதுதான். இந்தியாவில் இப்படிப்பட்டதைப் போற்றி வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கத்துத் தேவனி மாட்டுக்கு உழவும் பாலும் இரண்டும் உண்டு. முழு வெள்ளை, முகம் மட்டும் கறுப்பு, வெள்ளையில் கறும்புள்ளி என்று மூன்று வகையையும் பெயர் சொல்லிப் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வெள்ளை மாட்டுக்கு மட்டக்களப்பில் எத்தனை நல்ல காளை மிச்சம் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கொப்பி கிடையாது.

நாம் பட்டி மாட்டுக்குக் குறி சுடுகிறோம். அந்தக் குறி, மாடு யாருடையது என்று சொல்லும், அதன் தகப்பன் எது என்று சொல்லாது. 1978 சூறாவளியில் பட்டி பட்டியாக மாடுகள் அழிந்தன, பிறகு யுத்தத்தில் காட்டோடு போயின. மிச்சத்தைச் சேர்த்துப் பிடித்துப் பெருக்கியதுதான் இப்போது இருப்பது. ஆகவே பழைய வழியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றிலிருந்து எழுதலாமே. ஒரு ஊருக்கு ஒரு கொப்பி. ஊசி போடும் நாங்கள் எப்படியும் சீட்டு எழுதுகிறோம், காளையின் இலக்கம் அதில் இருக்கிறது. சீட்டு வீட்டு முகட்டில் செருகப்பட்டு, மழையில் நனைந்து போய்விடும். கன்று பிறந்த திகதியையும், இலேசாகப் பிறந்ததா இழுத்ததா என்பதையும், முதல் ஈற்றுப் பாலையும் அதே இலக்கத்தின் கீழ் எழுதினால் ஐந்து வருடத்தில் எந்தக் காளை நமக்கு ஆகும் என்று நாமே சொல்லலாம். கிழக்கு மாகாண கால்நடைத் துறை இதற்கு ஒரு படிவத்தை அச்சடித்துத் தந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிமென்டால் பற்றி எழுதும்போது, எந்த நாட்டு வழி, பாலுக்குத் தெரிந்தெடுத்ததா இறைச்சிக்கா, கன்று ஈனும் இலகு பற்றிய பதிவு என்ன, எந்த அளவு தாய்க்குப் போடலாம் என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். உறைவிந்து இறக்குமதி செய்வோர் காளையின் தாளை வைத்திருப்பார்கள், கேட்டால் தரவேண்டும். அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையச் சுவரிலும் ஒட்டச் செய்தால் எனக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறையும். மற்றப் பாதிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சினை ஊசி போடும் வாசகர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.